துணை சேர்ந்தால் இயங்கும் நொதி

மைனஸ் 80 பாகை செல்சியஸ் குளிரில் உறைய வைக்கப்பட்டிருக்கும், சுண்டுவிரல் நுனியளவேயான ஒரு பிளாஸ்டிக் குப்பியின்மேல், மனித சிடிகே2 என்றும், மறுசேர்க்கைப் புரதம் என்றும், ஆய்வுப் பயன்பாட்டுக்கு மட்டும் என்றும் அச்சிட்ட சீட்டு ஒட்டப்பட்டிருக்கும். குப்பிக்குள் இருப்பது நிறமற்ற நீர்மம், அதுவும் சில துளிகள்தாம். அதில் கரைந்திருக்கும் புரதத்தின் எடை 10 மைக்ரோகிராம் என்று கொண்டால், அதாவது ஒரு கிராமின் லட்சத்தில் ஒரு பங்கு என்று கொண்டால், அதில் அடங்கிய மூலக்கூறுகளின் எண்ணிக்கை ஏறத்தாழ 177 லட்சம் கோடி ஆகும். மனித உடலின் செல்கள் பிரிவதற்கு முன் தம் மரபுப் பொருளைப் படியெடுக்கும் கட்டத்தில் முனைந்து வேலை செய்யும் நொதி இது. ஆயினும் அக்குப்பியில் உள்ள அத்தனை மூலக்கூறுகளும் எவ்வேலையும் செய்யாமல் கிடக்கவும் கூடும். தூய்மை குறைவதாலோ கெட்டுப்போவதாலோ நேர்வதன்று இது, அந்நொதியின் இயல்பே அத்தகையது. சீட்டில் உள்ள பெயர் எந்த மூலக்கூறு என்பதைச் சொல்லுமே தவிர, அம்மூலக்கூறு எந்த நிலையில் இருக்கிறது என்பதைச் சொல்லாது. அந்த நிலை எவ்வாறு அமைகிறது, ஆய்வகம் அதனை எவ்வாறு அமைத்துக்கொள்கிறது என்பவையே இவ்வுரையின் பொருள்.

ஒரு செல் தோன்றி வளர்ந்து இரண்டாகப் பிரியும் வரையிலான முறையான நிகழ்ச்சித் தொடரே செல் சுழற்சி எனப்படுகிறது. 1953இல் ஆல்மா ஹோவர்டும் ஸ்டீஃபன் பெல்க்கும், விசியா ஃபாபா என்னும் அவரையினச் செடியின் வேர்நுனிகளுக்குக் கதிரியக்கப் பாஸ்பரசைக் கொடுத்துப் பார்த்தபோது, டிஎன்ஏ உருவாவது செல்லின் வாழ்நாள் முழுதும் நிகழ்வதில்லை, நடுவில் ஒரு குறிப்பிட்ட காலத்தில் மட்டுமே நிகழ்கிறது என்பது தெரிந்தது. அக்காலத்தை எஸ் கட்டம் என்றும், அதற்கு முன்னும் பின்னும் உள்ள இடைவெளிகளை ஜி1, ஜி2 என்றும், கண்ணுக்குத் தெரியும்படி குரோமோசோம்கள் பிரியும் காலத்தை எம் கட்டம் என்றும் இன்று வழங்குகிறோம். கட்டங்களின் வரிசை தெரிந்த பின் எழுந்த கேள்வி, ஒரு கட்டம் முடிந்தது, அடுத்ததைத் தொடங்கலாம் என்று செல்லுக்குச் சொல்வது எது என்பது.

அக்கேள்விக்கான விடை, வெவ்வேறான மூன்று நான்கு பாதைகளில் வந்து ஒரே இடத்தில் கூடியது. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் லீலண்ட் ஹார்ட்வெல், ரொட்டி செய்யப் பயன்படும் ஈஸ்டில், வெப்பம் கூடினால் சுழற்சியின் ஒரு குறிப்பிட்ட இடத்தில் நின்றுவிடும் திரிபு வகைகளைத் தேடித் திரட்டினார். அவற்றுள் சுழற்சியின் தொடக்கத்திலேயே நிறுத்திவிடும் மரபணுவுக்கு சிடிசி28 என்று எண் விழுந்தது. ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் பால் நர்ஸ், இரண்டாகப் பிளந்து பெருகும் வேறொரு ஈஸ்டை ஆராய்ந்தார். கிழக்கு ஆப்பிரிக்கச் சிறுதானியக் கள்ளிலிருந்து முதன்முதல் பிரித்தெடுக்கப்பட்ட அந்த ஈஸ்டின் பெயரில் உள்ள 'போம்பே' என்னும் சொல்லுக்குச் சுவாஹிலி மொழியில் கள் என்றே பொருள். வளர்ந்து முடியும் முன்பே அவசரப்பட்டுப் பிரிந்து குட்டையாகிவிடும் திரிபுகள் அவருக்கு அதில் கிடைத்தன. சிறியது என்று பொருள்படும் ஸ்காட்லாந்து வழக்குச் சொல்லால் அவற்றுக்கு 'வீ' என்று பெயரிட்டார். அப்பெயர் இவ்வுரையில் மீண்டும் வரும். ஹார்ட்வெல் ஈஸ்டில் உழைத்துக்கொண்டிருந்த அதே காலத்தில், 1971இல் யோஷியோ மசுயும் கிளெமென்ட் மார்க்கர்ட்டும், முதிர்ந்த தவளை முட்டையின் உட்சாற்றை முதிராத முட்டைக்குள் செலுத்தினால் அது முதிர்ந்து பிரிவுக்குத் தயாராகிவிடுவதைக் காட்டினர். சாற்றில் ஏதோ ஒரு காரணி இருப்பது உறுதியாயிற்று. அது என்ன பொருள் என்பது மட்டும் பதினேழு ஆண்டுகள் பிடிபடவில்லை.

மூன்றாவது பாதை 1982 கோடையில் மாசசூசெட்ஸ் கடற்கரையில் உள்ள வுட்ஸ் ஹோல் ஆய்வகத்தில் தொடங்கியது. டிம் ஹண்ட், கருவுற்ற கடல் முள்ளெலி முட்டைகளில் எந்தெந்தப் புரதங்கள் புதிதாக உருவாகின்றன என்று அறிய, கதிரியக்கக் கந்தகம் ஏறிய மெத்தியோனின் என்னும் அமினோ அமிலத்தை முட்டைகள் மிதக்கும் கடல்நீரில் கலந்து, சில நிமிடங்களுக்கு ஒருமுறை கொஞ்சம் முட்டைகளை எடுத்து, அவற்றின் புரதங்களை ஜெல்லில் ஓடவிட்டுப் படத்தாளில் பதிய வைத்தார். ஜெல்லில் ஓடும் புரதங்கள் எடைக்கேற்பப் பிரிந்து, ஏணிப்படிகள் போலக் குறுக்குக் கோடுகளாகப் படியும்; நேரம் செல்லச் செல்லப் புதிய புரதம் சேர்வதால் ஒவ்வொரு கோடும் மேலும் மேலும் கறுக்க வேண்டும். அவ்வாறே எல்லாக் கோடுகளும் கறுத்தன. ஒரே ஒரு கோடு மட்டும் கறுத்துக்கொண்டே வந்து, முட்டை பிரியும் தறுவாயில் திடீரென மங்கி, அடுத்த சுழற்சியில் மறுபடியும் கறுத்து, மறுபடியும் மறைந்தது. உருவாக்கிய புரதத்தைச் செல் தானே திட்டமிட்டு அழிக்கிறது என்று அன்று எவரும் எதிர்பார்க்கவில்லை. சுழற்சிதோறும் தோன்றி மறையும் அப்புரதத்துக்குச் சைக்ளின் என்று பெயராயிற்று. மிகப் பெரிய கருவிகளோ பெரும் பொருட்செலவோ இன்றி, ஒரு படத்தாளில் மறைந்த ஒரு கோட்டை அலட்சியம் செய்யாமல் நின்று பார்த்ததால் கிடைத்த கண்டுபிடிப்பு இது என்பதை மாணவர்கள் மனத்தில் இருத்திக்கொள்வது நல்லது.

1987இல் மெலனி லீயும் பால் நர்சும், மனித செல்களின் மரபணுப் பிரதிகளை ஒட்டுமொத்தமாகத் திரிபுற்ற ஈஸ்டுக்குள் செலுத்தி, எந்தப் பிரதி நுழைந்ததால் ஈஸ்ட் பிழைத்து வளர்கிறது என்று தேடினர். வளர்ந்த ஈஸ்டில் இருந்தது, அந்த ஈஸ்டில் பழுதுபட்டிருந்த, பிரிவைத் தொடங்கிவைக்கும் சிடிசி2 என்னும் மரபணுவை ஒத்த மனித மரபணு. நூறு கோடி ஆண்டுகளுக்கும் முன்பே கிளை பிரிந்துவிட்ட இரு உயிரினங்களில், ஒன்றின் நொதி மற்றொன்றின் வேலையைக் குறையின்றிச் செய்தது. செல் சுழற்சியின் மையப்பொறி மிகப் பழையது, அது அடிப்படையில் மாறவேயில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. அடுத்த ஆண்டு மசுயின் தவளை முட்டைக் காரணி தூய்மையாகப் பிரிக்கப்பட்டபோது, அதில் இருந்த ஒரு பங்கு இதே நொதி என்றும், தொடர்ந்து வந்த ஆய்வுகளில் மறு பங்கு சைக்ளின் என்றும் தெரியவந்தன. ஹார்ட்வெல், ஹண்ட், நர்ஸ் மூவரும் 2001ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். சைக்ளினைச் சார்ந்து இயங்கும் கைனேஸ் என்பதன் முதலெழுத்துகளால் இந்நொதிக் குடும்பத்துக்குச் சிடிகே என்ற பெயர் 1991இல் நிலைபெற்றது; முதலாவது சிடிகே1 ஆயிற்று, அதே ஆண்டில் மனித செல்களில் கண்டெடுக்கப்பட்ட அடுத்தது சிடிகே2 ஆயிற்று.

கைனேஸ் என்பது, செல்லின் ஆற்றல் நாணயமாகிய ஏடிபி மூலக்கூறிலிருந்து ஒரு பாஸ்பேட் தொகுதியைக் கழற்றி வேறொரு மூலக்கூறின்மேல் ஏற்றும் நொதி. அவ்வாறு ஏற்றுவதே பாஸ்பரிகரணம். ஏற்றப்படும் பாஸ்பேட் சிறியதுதான் என்றாலும் வலுவான எதிர்மின்சுமை உடையது; அது போய் உட்காரும் இடத்தில் புரதத்தின் மடிப்பு மாறும், அல்லது அப்புரதத்தோடு ஒட்டியிருந்த வேறொன்று விலகும். மனித மரபணுத் தொகுதியில் 518 கைனேஸ்கள் உள்ளதாக 2002இல் கணக்கிடப்பட்டது. அவற்றுள் சிடிகே2, செரின் அல்லது திரியோனின் என்னும் அமினோ அமிலத்தை அடுத்துப் புரோலின் வரும் இடங்களைத் தேடிப் பாஸ்பேட்டை ஏற்றும். செல் பிரிவுக்குக் கடிவாளமாக நிற்கும் ஆர்பி என்னும் புரதத்தின்மேல் அது பாஸ்பேட் ஏற்றுவதும், அதனால் அக்கடிவாளம் தளர்ந்து எஸ் கட்டத்துக்கான மரபணுக்கள் விழித்துக்கொள்வதும் அதன் வேலைகளில் தலையாயவை.

இத்தகைய நொதியை ஆராய, தொடக்கத்தில் அதனை உயிரினங்களிலிருந்தே எடுக்க வேண்டியிருந்தது. பிரான்சின் பிரித்தானிக் கடற்கரையில் உள்ள ரோஸ்காஃப் ஆய்வு நிலையத்தில் லோரான் மெய்ஜேரின் குழு, நட்சத்திர மீன்களின் முட்டைகளைத் திரட்டி, அவை ஒருசேரப் பிரிவுக்குள் நுழையும் தருணத்தில் அரைத்து, சிடிகே1 நொதியைப் பிரித்தெடுத்து வந்தது. முட்டைகள் ஒரே நேரத்தில் ஒரே கட்டத்தில் இருப்பதால் கிடைக்கும் நொதி விழிப்பு நிலையில் இருக்கும் என்பது அம்முறையின் சிறப்பு. பருவத்துக்குப் பருவம் கடலை நம்பியிருக்க வேண்டும் என்பதும், மனித நொதி அதில் கிடைக்காது என்பதும் அதன் குறைகள். குறிப்பிட்ட ஒரு மனிதக் கைனேசை, அதில் ஒரே ஓர் அமினோ அமிலத்தை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும் என்றால், மறுசேர்க்கை முறையைத் தவிர வேறு வழியில்லை. ஓர் உயிரினத்தின் மரபணுவை வெட்டியெடுத்து, வளைய வடிவ டிஎன்ஏவாகிய பிளாஸ்மிட்டில் இணைத்து, மற்றோர் உயிரினத்துக்குள் செலுத்தி, அங்கே அப்புரதத்தை உருவாக்கச் செய்வதே அம்முறை.

சிடிகே2 இதற்கு வாகான புரதம். 298 அமினோ அமிலங்களால் ஆனது, எடை ஏறத்தாழ 34 கிலோடால்டன். கைனேஸ்களுள் இவ்வளவு சிறிய உடம்பு கொண்டவை குறைவு. ஈ.கோலை என்னும் குடல் பாக்டீரியாவில் அதனை உருவாக்கும் முறை பெரும்பாலான ஆய்வகங்களில் ஏறத்தாழ ஒன்றுதான். பிளாஸ்மிட்டை ஏந்திய பாக்டீரியாக்களை ஊட்டநீரில் இட்டு 37 பாகையில் குலுக்கி வளர்ப்பார்கள். நீர் கலங்கி ஓரளவு அடர்த்தி கண்டதும் வெப்பத்தை 18 பாகை அளவுக்கு இறக்கி, லாக்டோசை ஒத்த ஐபிடிஜி என்னும் வேதிப்பொருளைச் சேர்த்து, மனித மரபணுவைத் திறந்துவிடுவார்கள். வெப்பத்தை இறக்குவதற்குக் காரணம் உண்டு. 37 பாகையில் பாக்டீரியா புரதத்தை மிக விரைவாகத் தொடுத்துத் தள்ளும். சரியாக மடிய நேரம் கிடைக்காத சங்கிலிகள் ஒன்றோடொன்று சிக்கிக் கரையாத கட்டிகளாகத் திரண்டுவிடும். குளிரில் வேலை மெதுவாக நடப்பதால் மடிப்பும் ஒழுங்காக அமைகிறது. மறுநாள் காலையில் பாக்டீரியாவைச் சுழற்றி அடியில் படிய வைத்து, பனிக்கட்டியின்மேல் வைத்தே ஒலியதிர்வால் உடைத்து, உடைந்த சக்கையை நீக்கித் தெளிந்த சாற்றை எடுப்பார்கள்.

அந்தச் சாற்றில் பாக்டீரியாவின் சொந்தப் புரதங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கும். அவற்றினின்று மனிதப் புரதத்தைத் தனியே பிடித்தெடுக்க, மரபணுவை அமைக்கும்போதே அதன் முனையில் ஒரு கைப்பிடியைச் சேர்த்துவிடுவது வழக்கம். ஆறு ஹிஸ்டிடின்கள் தொடர்ந்து வரும் சிறு வால் அவற்றுள் எளியது. ஹிஸ்டிடின் நிக்கல் அயனியை விரும்பிப் பற்றும் என்பதால், நிக்கல் ஏற்றிய, வெளிர்நீலமும் பச்சையும் கலந்த நிறமுடைய மணிகள் நிரம்பிய குழாயில் சாற்றை ஊற்றினால், வாலுள்ள புரதம் மணிகளில் ஒட்டிக்கொள்ளும், மற்றவை கழுவிப்போகும். பின்னர் ஹிஸ்டிடினைப் போன்ற வளையம் கொண்ட இமிடசோலை மிகுதியாக ஊற்றினால், அது நிக்கலில் இடம் பிடித்துக்கொண்டு புரதத்தை இறக்கிவிடும். புரதத்தை ஆக்சிஜனேற்றத்திலிருந்து காக்கச் சேர்க்கும் டிடிடீ என்னும் பொருளைப் பழக்கமில்லாத கை இந்தக் கட்டத்திலேயே தாராளமாகக் கலந்துவிட்டால், மணிகள் கண்ணெதிரே பழுப்பாகிப் பற்றும் திறனை இழக்கும். மற்றொரு கைப்பிடி ஜிஎஸ்டி என்னும் புரதம். சிஸ்டோசோமா என்னும் ஒட்டுண்ணிப் புழுவிலிருந்து எடுக்கப்பட்ட இது 26 கிலோடால்டன் எடையுள்ளதால், இதனோடு சேர்ந்த சிடிகே2 ஏறத்தாழ 60 கிலோடால்டன் ஆகிவிடும். ஜிஎஸ்டி தன்னைப் போன்ற இன்னொன்றோடு இணைந்து இரட்டையாகும் பழக்கம் உடையது. கைப்பிடியை வெட்டி நீக்காமல் பயன்படுத்துவோர், தம் குப்பியில் உள்ள நொதி தனியாக இல்லை, சோடியாக இருக்கிறது என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

இவ்வாறு தூய்மையாக்கப்பட்டு, ஜெல்லில் ஒரே கோடாகத் தெரியும் சிடிகே2வுடன் ஏடிபியையும், பாஸ்பேட்டை ஏற்க வேண்டிய தளப்பொருளையும் சேர்த்துப் பார்த்தால் அநேகமாக ஒன்றும் நடவாது. ஏன் நடவாது என்பதற்கான விடை 1993இல் கலிபோர்னியாவின் பெர்க்லி நகரில் சுங்-ஹோ கிம்மின் ஆய்வகம் வெளியிட்ட படிகக் கட்டமைப்பிலும், 1995இல் நியூயார்க்கில் நிக்கோலா பாவ்லெட்டிச்சின் குழு வெளியிட்ட, சைக்ளின் வகைகளுள் ஒன்றாகிய சைக்ளின் ஏ உடன் சேர்ந்த சிடிகே2வின் கட்டமைப்பிலும் கிடைத்தது. இவ்விரு படங்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பது, பூட்டிய கதவையும் திறந்த கதவையும் அடுத்தடுத்துப் பார்ப்பது போன்றது. நொதியின் உடம்பு மேலே சிறியதும் கீழே பெரியதுமான இரண்டு மடல்களால் ஆனது. இடையே உள்ள பிளவில் ஏடிபி அமர்கிறது. மேல் மடலில் ஒரு சுருள் உண்டு; அதில் வரும் ஏழு அமினோ அமிலங்களாகிய புரோலின், செரின், திரியோனின், அலனின், ஐசோலூசின், ஆர்ஜினின், குளூட்டமேட் ஆகியவற்றின் குறியெழுத்துகளைச் சேர்த்து அச்சுருளைப் பிஸ்டெய்ர் என்பார்கள். அந்த ஏழாவது, அதாவது 51ஆம் இடத்துக் குளூட்டமேட், ஏடிபியின் பாஸ்பேட்டுகளைப் பற்றும் 33ஆம் இடத்து லைசினை நேராக நிறுத்திவைக்க வேண்டியது. தனித்த சிடிகே2வில் அது வெளிப்புறம் பார்த்துத் திரும்பியிருக்கிறது. அதனால் லைசினுக்குப் பிடிப்பில்லை. அதோடு, டி வளைவு என்னும் நெகிழ்ந்த கயிறு போன்ற பகுதி, தளப்பொருள் வந்து அமர வேண்டிய வாயிலையே மறைத்துக் கிடக்கிறது.

சைக்ளின் ஏ வந்து அந்தச் சுருளின் பக்கத்தில் ஒட்டியதும், சுருள் தன் அச்சில் திரும்பி உள்ளே தள்ளப்படுகிறது. குளூட்டமேட் லைசினைப் பற்றிக்கொள்கிறது. டி வளைவு வாயிலை விட்டு விலகுகிறது. நொதியின் வேகம் இந்த ஒரு சேர்க்கையால் பல்லாயிரம் மடங்கு உயர்கிறது. அதன் பின்னும் ஒரு படி மீதமிருக்கிறது. டி வளைவில் 160ஆம் இடத்தில் உள்ள திரியோனினின்மேல் ஒரு பாஸ்பேட் ஏற வேண்டும். ஏறியதும் அதனை 50, 126, 150 ஆகிய இடங்களில் உள்ள மூன்று ஆர்ஜினின்கள் மூன்று விரல்கள் போலப் பற்றிக்கொள்ள, தளர்ந்திருந்த வளைவு இறுகி முழு வேகம் கிடைக்கிறது. பிஸ்டெய்ர் சுருளின் ஆறாவது எழுத்தாகிய ஆர்ஜினின்தான் அந்த 50ஆம் இடத்து ஆர்ஜினின் என்பதையும் இங்கே கவனிக்க வேண்டும். சைக்ளின் அச்சுருளைத் திருப்பும்போது லைசினுக்கான துணையும் பாஸ்பேட்டுக்கான பிடியும் ஒரே அசைவில் இடத்துக்கு வந்துவிடுகின்றன. இதற்கு எதிர்ப்புறமாக, 15ஆம் இடத்து டைரோசினின்மேல் பாஸ்பேட் ஏறினால் நொதி முடங்கும். அதனை ஏற்றுவது வீ1 என்னும் வேறொரு கைனேஸ். நர்சின் குட்டை ஈஸ்டுகளில் பழுதுபட்டிருந்தது இந்தத் தடைக்கட்டைதான். தடையில்லாததால் அவை வளரும் முன்பே பிரிந்தன. ஆக, ஒரே மூலக்கூறில் ஓரிடத்துப் பாஸ்பேட் முடுக்கும், மற்றோரிடத்துப் பாஸ்பேட் முடக்கும்.

பாக்டீரியாவில் உருவான சிடிகே2 ஏன் உறங்குகிறது என்பது இப்போது விளங்கும். ஈ.கோலையில் சைக்ளினும் இல்லை, 160ஆம் இடத்தில் பாஸ்பேட் ஏற்றித் தரும் நொதியும் இல்லை. மனித செல்களில் அவ்வேலையைச் செய்வது சிடிகே7, சைக்ளின் ஹெச், மேட்1 என்னும் மூன்று புரதங்களின் கூட்டு. மூன்றையும் பாக்டீரியாவில் சேர்த்து உருவாக்குவது எளிதன்று. ரொட்டி ஈஸ்டோ இதே வேலைக்குக் காக்1 என்னும் ஒற்றைப் புரதத்தை வைத்திருக்கிறது. எனவே மனித சிடிகே2வின் மரபணுவையும் ஈஸ்டின் காக்1 மரபணுவையும் ஒரே பாக்டீரியாவுக்குள் செலுத்தி, உள்ளேயே பாஸ்பேட் ஏறச் செய்து, தனியே உருவாக்கிய சைக்ளினை வெளியே சேர்த்துக்கொள்வது பரவலான முறையாயிற்று. சேர்க்கப்படும் சைக்ளின் ஏயும் முழுப் புரதமாக இருப்பதில்லை. 432 அமினோ அமிலங்களில் 173 முதல் இறுதி வரையுள்ள 260 மட்டுமே பெரும்பாலும் எடுத்துக்கொள்ளப்படும். முன்பகுதி ஒழுங்கான மடிப்பில்லாதது. சைக்ளினை அழிப்பதற்கான அடையாளமும் அதிலேயே இருக்கிறது. ஹண்டின் படத்தாளில் கோடு மறைந்ததற்குக் காரணம் அத்தகைய அடையாளமே. குப்பியில் அழிவு வேண்டியதில்லை என்பதால் அது நீக்கப்படுகிறது.

இரண்டாவது வழி பூச்சி செல். எஸ்எஃப்9 எனப்படும் செல் வரிசை, ஸ்போடோப்டெரா ஃப்ருஜிபெர்டா என்னும் அந்துப்பூச்சியின் கூட்டுப்புழுச் சூலகத்திலிருந்து வந்தது. 2018 முதல் தமிழ்நாட்டு மக்காச்சோளக் கொல்லைகளில் குருத்தைக் குடைந்து உழவர்களைக் கலங்கடித்து வரும் அமெரிக்கப் படைப்புழு இதுவேதான். வயலில் அழிவு செய்யும் அதே உயிரின் செல்கள், ஆய்வகக் குடுவைகளில் 27 பாகையில், மனிதப் புரதங்களைச் செய்துதரும் பட்டறைகளாகப் பல்லாண்டுகளாக உழைத்து வருகின்றன. பூச்சிகளைத் தாக்கும் பாக்குலோ வைரசின் மரபுப் பொருளில், வைரஸ் தன் உறைப் படிகத்துக்காக மிகுதியாக உருவாக்கும் புரதத்தின் மரபணு இருந்த இடத்தில் மனித மரபணுவை வைத்துவிட்டால், தொற்றிய செல் இரண்டு மூன்று நாள்களுக்குள் மனிதப் புரதத்தால் நிரம்பிவிடும். ஒரு வைரஸ் சிடிகே2வையும் மற்றொன்று சைக்ளினையும் சுமந்துசென்றால் இரண்டும் செல்லுக்குள்ளேயே சேர்ந்துகொள்ளும். பூச்சியின் சொந்த நொதியே 160ஆம் இடத்தில் பாஸ்பேட்டையும் ஏற்றிவிடும். ஆனால் எல்லா மூலக்கூறிலும் ஏற்றும் என்பதற்கு உறுதியில்லை. வேறு இடங்களிலும் ஏற்றக்கூடும். ஆகவே பூச்சி செல் நொதி விழித்திருக்கிறது என்பது உண்மையாயினும், அது ஒரே சீரான நிலையில் இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. விலையையும் அளவையும் மட்டும் பார்த்துக் குப்பி வாங்கும் ஆய்வகம், எந்த செல்லில் உருவானது, எந்தச் சைக்ளினோடு, எந்தக் கைப்பிடியோடு என்பதைக் கேட்காமல் விடுவது பெரும் பிழை; அதே பெயருள்ள இரு குப்பிகள் ஒரே ஆய்வில் வெவ்வேறு விடை தந்தால், பிழை பெரும்பாலும் இங்கேதான் இருக்கும்.

குப்பியில் உள்ள செயல் உண்மையிலேயே சிடிகே2வுடையதுதானா, தூய்மையாக்கலில் ஒட்டிக்கொண்டு வந்த வேறொரு கைனேசினுடையதா என்பதை அறிய ஓர் அருமையான வழி உண்டு. 145ஆம் இடத்தில் உள்ள அஸ்பார்டேட், ஏடிபியுடன் வரும் மக்னீசியத்தைப் பிடித்து நிறுத்துவது. அது இல்லாமல் வினை நடவாது. அந்த அஸ்பார்டேட்டை, உருவில் ஏறத்தாழ ஒத்தும் மின்சுமை அற்றும் இருக்கும் அஸ்பராஜினாக மாற்றி, அதே பாக்டீரியாவில், அதே மணிகளில், அதே நாளில் மற்றொரு தொகுதி புரதத்தைத் தயாரிக்க வேண்டும். மடிப்பும் துணையும் மாறாத, செயல் மட்டும் செத்த அந்த நொதியைப் போட்டும் தளப்பொருளில் பாஸ்பேட் ஏறினால், வேலை செய்வது வேறேதோ ஒன்று. இந்தச் செயலற்ற இணையைச் செய்து வைத்துக்கொள்ளாமல் தரும் முடிவுகளை முழுமையாக நம்புவது கடினம்.

நிலையோடு சூழலும் சேர்ந்தே விடையைத் தீர்மானிக்கிறது என்பதற்கு ஏடிபியின் அளவு ஒன்றே போதுமான சான்று. சிடிகேக்களின் வேலையை முடக்கும் சேர்மங்களாகிய தடுப்பான்களுள் பெரும்பாலானவை ஏடிபி அமரும் பிளவிலேயே போய் அமர்ந்து அதனோடு போட்டியிடுபவை. நொதி தன் உச்ச வேகத்தில் பாதியை எட்டுவதற்கு வேண்டிய ஏடிபியின் செறிவு 20 மைக்ரோமோலார் என்று வைத்துக்கொண்டால், ஆய்வாளர் பெரும்பாலும் குழாயிலும் அதே அளவையே சேர்ப்பார்; உயிருள்ள செல்லிலோ ஏடிபி 2 மில்லிமோலார் அளவில், அதாவது அதைப்போல நூறு மடங்கு இருக்கும். கணக்கிட்டால், குழாயில் நொதியைப் பாதியாக அடக்கத் தேவைப்பட்ட மருந்தைப்போல ஏறத்தாழ 50 மடங்கு மருந்து செல்லுக்குள் தேவைப்படும். குழாயில் ஒளிர்ந்த பல சேர்மங்கள் செல்லில் மங்கிப்போனதற்கு இது ஒரு முதன்மையான காரணம். சேர்மம் செல்லுக்குள் நுழையவில்லை என்று பழிபோடும் முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பது முறை.

இக்குப்பிகளால் விளைந்த பயன் சிறிதன்று. மேற்குத் தொடர்ச்சி மலைக்காடுகளிலும் வளரும் டிசாக்சிலம் பைனெக்டாரிஃபெரம் என்னும் மரத்தில் உள்ள ரோஹிதுகின் என்னும் பொருளை அடியாகக் கொண்டு, மும்பையிலிருந்த ஹோக்ஸ்ட் ஆய்வகத்தின் முயற்சியில் பிறந்த ஃபிளேவோபிரிடால், சிடிகேக்களைத் தடுக்கும் மருந்துகளுள் மனிதர்களிடம் முதன்முதல் சோதிக்கப்பட்டது. அது சிடிகே1, 2, 4 என்று வேறுபாடு பாராமல் தடுத்தது; மரபணுக்கள் படியெடுக்கப்படுவதற்கு இன்றியமையாத சிடிகே9ஐயும் தடுத்தது. எல்லாப் பூட்டிலும் நுழையும் சாவியால் குறிப்பிட்ட ஓர் அறையைத் திறந்து பயனில்லை. அதன் பின் வந்த பல்போசிக்ளிப், தூய மறுசேர்க்கைக் கைனேஸ்களின் வரிசையில் ஒவ்வொன்றாகச் சோதிக்கப்பட்டபோது, சிடிகே4, சிடிகே6 இரண்டை மட்டும் பத்து நானோமோலாரை ஒட்டிய செறிவிலேயே அடக்கி, மற்றவற்றை ஏறத்தாழத் தொடாமல் விட்டது. 2015 பிப்ரவரியில் அமெரிக்காவில் மார்பகப் புற்றுநோய்க்கு ஒப்புதல் பெற்றது. ஒவ்வொரு கைனேசும் தனித்தனிக் குப்பியில், தத்தம் சைக்ளினோடு, விழிப்பு நிலையில் கிடைத்திராவிட்டால், அந்த வேறுபாட்டைக் கண்டிருக்கவே முடியாது.

சிடிகே2வைப் பொறுத்தவரை கதை வேறு திசையில் சென்றது. 2003இல் இரு ஆய்வுக் குழுக்கள், சிடிகே2 மரபணுவையே முற்றிலும் நீக்கிய எலிகளை உருவாக்கின. எஸ் கட்டத்தின் பொறி என்று நூல்கள் எழுதிவந்த நொதி இல்லாமல் அவ்வெலிகள் கருவிலேயே மடியும் என்று எதிர்பார்க்கப்பட்டது. அவை பிறந்தன, வளர்ந்தன, நடமாடின. ஆணும் பெண்ணும் மலடாக இருந்ததே கண்ட குறை. இனச்செல்கள் உருவாகும் குறுக்கல் பிரிவுக்கு மட்டும் அந்நொதி தவிர்க்கவே முடியாதது என்று தெரிந்தது. குழாயில் அத்தனை திறமையாகப் பாஸ்பேட் ஏற்றிய நொதி உடலில் தேவையே இல்லையா என்ற கேள்வி எழ, சிடிகே2வைத் தடுக்கும் மருந்துத் தேட்டம் சில ஆண்டுகள் சோர்ந்தது.

அக்கேள்விக்கு நுட்பமான விடை மறுபடியும் மறுசேர்க்கைப் புரதத்தின் வழியே வந்தது. சிடிகே2வின் ஏடிபிப் பிளவின் உட்புறத்தில், 80ஆம் இடத்தில், பினைல்அலனின் என்னும் பருத்த அமினோ அமிலம் வாயிற்காவலர் போல நிற்கிறது. அதனை எடுத்துவிட்டு, அமினோ அமிலங்களுள் மிகச் சிறியதாகிய கிளைசினை வைத்தால், அவ்விடத்தில் ஒரு சிறு குழிவு உண்டாகிறது. இயற்கையான கைனேஸ் எதிலும் நுழைய முடியாத பெரிய உருவுடைய தடுப்பான் ஒன்று அந்தக் குழிவில் மட்டும் பொருந்துகிறது. இவ்வாறு திருத்திய மரபணுவை மனிதப் புற்றுநோய் செல்களின் இரு சிடிகே2 பிரதிகளுக்கும் மாற்றாக வைத்து, அத்தடுப்பானைச் சேர்த்தபோது, நொதி இல்லாத எலிகளில் கண்டதற்கு மாறாக, செல்களின் பெருக்கம் தடுமாறியது. மரபணு முழுதும் இல்லாதபோது, துணையின்றி நின்ற சைக்ளின் ஏயைச் சிடிகே1 சேர்த்துக்கொண்டு விடுபட்ட வேலையைச் செய்துவிடுகிறது. தடுப்பான் ஏறிய சிடிகே2வோ தான் வேலை செய்யாவிட்டாலும் சைக்ளினின் மீதுள்ள பிடியை விடுவதில்லை; சிடிகே1க்கு அத்துணை கிடைப்பதுமில்லை.